ஆனதோத்தில் வாங்கிய நிலம்

புது வருஷம் பிறந்துவிட்டால் எங்கள் பக்கத்துக் கிறிஸ்தவ வீடுகளில் எரேமியா 29:11 இல்லாத சுவர் அபூர்வம். நாள்காட்டியில் இருக்கும், வாக்குத்தத்த அட்டையில் இருக்கும், கல்யாணப் பத்திரிகையின் தலைமாட்டில் இருக்கும், விடிவதற்கு முன்பே வாட்ஸ்அப்பில் ரோஜாப்பூ படத்தோடு வந்து விழும். கர்த்தர் நம்மைப் பற்றி நல்லதையே நினைத்திருக்கிறார், நாளைய தினத்துக்குப் பயப்பட வேண்டாம் என்று தைரியம் சொல்கிற வசனம். பிள்ளைக்கு மெடிக்கல் சீட் கிடைக்குமா, விசா வருமா, ஸ்கேன் ரிப்போர்ட்டில் என்ன இருக்கும் என்று காத்துக் கிடந்த எத்தனையோ பேர் அதைப் பிடித்துக்கொண்டு ராத்திரியைக் கடத்தியிருக்கிறார்கள். எனக்கும் பிரியமான வசனம்தான்.

அதற்கு முந்தின வசனத்தை மட்டும் யாரும் அட்டையில் அச்சடிப்பதில்லை. பாபிலோனில் 70 வருஷம் கழிந்த பிறகுதான் உங்களைத் திரும்பக் கூட்டிவருவேன் என்று 10-ம் வசனத்தில் கர்த்தர் சொல்கிறார். இந்த வருஷம் அதைப் பற்றித்தான் எழுத வேண்டும் என்று தோன்றியது. கொஞ்சம் நீளமாகப் போகும். ஒரு டம்ளர் டீயோடு உட்காருங்கள்.

கி.மு. 597-ல் நேபுகாத்நேச்சார் எருசலேமைப் பிடித்து, ராஜா எகொனியாவையும் அவனுடைய தாயையும் பிரபுக்களையும் தச்சரையும் கொல்லரையும் பாபிலோனுக்குக் கொண்டுபோனான். எரேமியாவின் கடிதம் போனது அவர்களுக்குத்தான். அதை வாசிக்கக் கேட்ட கூட்டத்தில் 30 வயதுக்காரன் ஒருவன் இருந்தான் என்று வைத்துக்கொள்ளுங்கள். சொன்ன தவணை முடியும்போது அவனுக்கு 100 வயது ஆகியிருக்க வேண்டும். ஆக, அன்றைக்கு அங்கே இருந்த பெரியவர்கள் அத்தனை பேருக்கும் சேதி ஒன்றுதான்: நீங்கள் ஊர் திரும்பப் போவதில்லை, உங்கள் பேரப்பிள்ளைகள் திரும்புவார்கள்.

மோசேயின் ஜெபம் என்று தலைப்புள்ள 90-ம் சங்கீதத்தை நம் சபைகளில் அடக்க ஆராதனையில் வாசிப்பார்கள். அங்கே மனுஷ ஆயுசுக்குச் சொல்லியிருக்கிற அளவும் 70 வருஷம்தான், பெலன் இருந்தால் 80. பாபிலோனுக்குக் குறித்த தவணையும் ஒரு மனுஷனுடைய ஆயுசும் ஒரே அளவாக இருப்பது என் மனதை விட்டுப் போகவே மாட்டேன் என்கிறது. ஆரம்பத்தைக் கண்ணால் பார்த்தவர்களுக்கு முடிவைப் பார்க்க ஆயுசு போதாது. முடிவைப் பார்க்கப் போகிறவர்களுக்கு ஆரம்பம் வெறும் கதை. ஒரு சிலர் விதிவிலக்கு, அவர்களிடம் கடைசியில் வருகிறேன். மற்றபடி இரண்டு முனையையும் சேர்த்துப் பிடிக்க ஒரு ஆள் போதாது, ஒரு குடும்பம் வேண்டும்.

இதைக் கேட்க யாருக்குத்தான் மனசு வரும்? அனனியா என்று வேறொரு தீர்க்கதரிசி இருந்தான். இரண்டே வருஷம், எல்லாரும் திரும்பி வந்துவிடுவார்கள், தேவாலயத்துப் பாத்திரங்களும் திரும்பிவிடும் என்று ஆலயத்தில் எல்லார் முன்னாலும் சொன்னான். எரேமியா அடையாளமாகக் கழுத்தில் போட்டிருந்த நுகத்தைப் பிடுங்கி உடைத்தும் காட்டினான். கூட்டத்துக்கு அது எவ்வளவு பிடித்திருக்கும்! அனனியா கடவுளே இல்லை என்று சொல்லவில்லை, கர்த்தருடைய பெயரால்தான் பேசினான். வாக்குத்தத்தத்தைச் சுருக்கிவிட்டான், அவ்வளவுதான். டிசம்பர் 31 ராத்திரி மேடைகளில், இந்த வருஷமே உன் கடன் தீரும், இந்த வருஷமே உன் வீடு கட்டி முடியும் என்று சிலர் உரத்துச் சொல்லும்போதெல்லாம் எனக்கு அனனியாதான் ஞாபகத்துக்கு வருகிறான். சொல்கிறவர்கள் நல்லெண்ணத்தோடுகூடச் சொல்லலாம். கேட்டுவிட்டுப் போகிற அம்மாக்கள் மார்ச் மாதம் படுகிற பாட்டை நான் பார்த்திருக்கிறேன். தன் விசுவாசத்தில்தான் குறை என்று நினைத்து அழுவார்கள். அந்த அழுகைக்கு அவர்கள் காரணம் இல்லை.

எரேமியாவின் கடிதத்துக்கு வருகிறேன். 70 வருஷம் என்று சொல்லிவிட்டு, அதுவரை உட்கார்ந்து ஜெபம் பண்ணுங்கள் என்று மட்டும் அவர் எழுதவில்லை. வீடு கட்டுங்கள், குடியிருங்கள். தோட்டம் போடுங்கள், அதன் காயைச் சாப்பிடுங்கள். கல்யாணம் பண்ணுங்கள், பிள்ளை பெறுங்கள், அந்தப் பிள்ளைகளுக்கும் கல்யாணம் பண்ணிவையுங்கள். நீங்கள் இருக்கிற ஊரின் நன்மைக்காக, அது உங்களைச் சிறைப்பிடித்த ஊராகவே இருந்தாலும், ஜெபம் பண்ணுங்கள். நம்பிக்கை எப்படி இருக்கும் என்று கேட்டால் இந்தப் பட்டியலைத்தான் நான் காட்டுவேன். இதில் ஒன்றுகூட மனதுக்குள் நடக்கிற காரியம் இல்லை. எல்லாமே கையால் செய்கிற வேலை, எல்லாமே பலன் தர வருஷக்கணக்கில் காலம் கேட்கிற வேலை.

அவர்கள் அப்படியே செய்தார்கள் என்பதற்குச் சாட்சி இருக்கிறது. பாபிலோனிய எழுத்தில் எழுதிய களிமண் பலகைகள் 200 அளவில் கிடைத்திருக்கின்றன, 2014-ல் அவற்றில் ஒரு பகுதியை அறிஞர்கள் பதிப்பித்தார்கள். ஆல்-யாகூது, அதாவது யூதாவின் ஊர், என்று பெயர் வைத்துக்கொண்டு பாபிலோனில் குடியிருந்தவர்களின் கணக்குவழக்குகள் அவை. மிகப் பழைய பலகை கி.மு. 572-ஐச் சேர்ந்தது. எருசலேம் எரிந்து 15 வருஷத்துக்குள் அங்கே ஓர் ஊரே உருவாகியிருக்கிறது! வாற்கோதுமை, பேரீச்சை, குத்தகை, வரி, கடன், கல்யாணம், பாகப்பிரிவினை எல்லாம் அந்தப் பலகைகளில் இருக்கின்றன. அகிகாம் என்று ஒருவருடைய குடும்பத்தைத் தாத்தா, அப்பா, மகன், பேரன் என்று நான்கு தலைமுறைக்குத் தொடர முடிகிறது. அந்தக் குடும்பத்தில் பல பெயர்களில் கர்த்தருடைய நாமம் சேர்ந்திருக்கிறது. அந்நிய தேசத்தில், அந்நிய எழுத்தில், வரி ரசீதில்கூட அந்த நாமத்தை விடவில்லை. புத்தகத்தில் அந்தப் பலகைகளின் படத்தைப் பார்த்தபோது எனக்குக் கண் கலங்கிவிட்டது. கடிதம் வாசித்த ஜனங்கள் கடிதத்தில் சொன்னபடி தோட்டம் போட்டிருக்கிறார்கள்.

இனி சொல்லப் போவதுதான் நான் இதை எழுத உட்கார்ந்ததற்குக் காரணம். கல்யாணம் பண்ணுங்கள், பிள்ளை பெறுங்கள் என்று எழுதிய எரேமியாவுக்குக் கல்யாணம் ஆகவில்லை. நீ பெண் கொள்ளக் கூடாது, இந்தத் தேசத்தில் உனக்குப் பிள்ளைகள் இருக்கக் கூடாது என்று 16-ம் அதிகாரத்தில் கர்த்தரே அவருக்குச் சொல்லியிருந்தார். வரப்போகிற அழிவுக்கு அவருடைய வெறும் வீடே அடையாளம். சொந்த வீட்டில் தொட்டில் ஆடாத மனுஷன், யாரோ ஒருவர் வீட்டுத் தொட்டில்களுக்காகக் கடிதம் எழுதுகிறார்.

குடும்பத்தைப் பற்றி நம் சபைகளில் பிரசங்கம் நடக்கும்போது கடைசி வரிசையில் உட்கார்ந்திருக்கிற சிலரை நான் கவனிப்பதுண்டு. கல்யாணம் ஆகாதவர்கள், பிள்ளை இல்லாதவர்கள், கணவனை இழந்தவர்கள். குடும்ப ஆசீர்வாத ஜெபத்துக்குத் தம்பதியாக முன்னால் வரச் சொல்லும்போது அவர்கள் பாட்டுப் புத்தகத்தைப் புரட்டிக்கொண்டிருப்பார்கள். அவர்களிடம் யாராவது எரேமியாவைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

எங்கள் வீட்டில் அத்தை ஒருத்தி இருந்தாள். அப்பாவின் மூத்த அக்கா. மிஷன் பள்ளிக்கூடத்தில் டீச்சர். ஏனோ கல்யாணம் அமையவில்லை, பிறகு அவளே வேண்டாம் என்று சொல்லிவிட்டாள். எங்கள் வீட்டுக் குடும்ப வேதாகமத்தின் முன்பக்கத்தில் பிறப்பு, ஞானஸ்நானம், திடப்படுத்தல், விவாகம், மரணம் எல்லாம் எழுதிவைக்கும் வழக்கம் உண்டு. தாத்தா காலத்து ஊதா மை, அப்புறம் கறுப்பு, அப்புறம் பால்பாயிண்ட் பேனா. நடுவில் நீண்ட காலத்துக்கு ஒரே கையெழுத்து, அத்தையுடையது. பள்ளிக்கூடப் பலகையில் எழுதுகிற மாதிரி குண்டு குண்டாக, கோடு போட்டது போல் நேராக இருக்கும். எங்கள் எல்லாருடைய பிறந்த தேதியும் நேரமும் அவள் எழுதினவை. யாருக்குப் பிரசவம் என்றாலும் முதல் பஸ்ஸில் வந்து நிற்பாள். மூன்று வீட்டுப் பிள்ளைகளுக்கு ஃபீஸ் கட்டினாள். ராத்திரி குடும்ப ஜெபத்தில் எங்களை வரிசையாக உட்காரவைத்து மனப்பாட வசனம் கேட்பாள், தப்பினால் மறுநாளும் அதே வசனம்தான்.

அவள் இறந்த பிறகு ஒரு நாள் உறவுக்காரம்மா ஒருவர் வந்து பேசிக்கொண்டிருந்தார். "பாவம், அவளுக்குன்னு பேர் சொல்ல ஒரு பிள்ள இல்லாம போயிட்டா" என்றார். அம்மா அடுப்படியில் இருந்தாள். பேச்சு வேறு எங்கோ போய்விட்டது. அவர் போன பிறகு அம்மா என்னிடம் சொன்னாள்: "நம்ம வீட்டுல அவ கையெழுத்து இல்லாம யாருமே பொறக்கலட்டி."

எரேமியா நிலம் வாங்கின கதையை இந்த நினைவோடுதான் நான் படிக்கிறேன்.

சிதேக்கியா ராஜாவின் 10-ம் வருஷம். பாபிலோன் சேனை எருசலேமைச் சுற்றி வளைத்து நிற்கிறது. நகரத்துக்குள் அப்பத்துக்குப் பஞ்சம். எரேமியா ராஜாவுக்குப் பிடிக்காததைச் சொன்னதற்காகக் காவல் முற்றத்தில் அடைபட்டிருக்கிறார். அங்கே அவரைப் பார்க்க அனாமெயேல் வருகிறான். எரேமியாவின் அப்பாவோடு கூடப் பிறந்த சல்லூமின் மகன், சொந்தப் பங்காளி. ஆனதோத்தில் இருக்கிற என் நிலத்தை நீ வாங்கிக்கொள், மீட்கிற உரிமை உனக்குத்தான் இருக்கிறது என்கிறான்.

ஆனதோத்து எருசலேமுக்கு வடகிழக்கே ஏறக்குறைய 5 கிலோமீட்டர் தூரத்தில் இருந்த ஊர். சேனை முற்றுகை போட்டிருக்கிற காலத்தில் அந்தப் பக்கத்து நிலமெல்லாம் யார் கையில் இருந்திருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. அனாமெயேல் எந்த எண்ணத்தில் வந்தானோ, வேதம் சொல்லவில்லை. கைவிட்டுப் போன நிலத்தைக் காசாக்கப் பார்த்தான் என்று நினைக்கத்தான் தோன்றுகிறது. லேவியராகமம் 25-ல் சொன்ன நியாயப்படி குடும்பத்து நிலம் வெளியே போகாமல் பங்காளி மீட்க வேண்டும். சட்டம் சரிதான். ஆனால் சமயம்?

இன்னொன்றையும் சேர்த்துப் பாருங்கள். ஆனதோத்து எரேமியாவின் சொந்த ஊர் மட்டும் இல்லை, அவரைக் கொல்லப் பார்த்த ஊரும் அதுதான். 11-ம் அதிகாரத்தில் ஆனதோத்து மனுஷர் அவர் பிராணனை வாங்கத் தேடுகிறார்கள். அடுத்த அதிகாரத்தில் உன் சகோதரரும் உன் தகப்பன் வீட்டாருமே உனக்குத் துரோகம் பண்ணுகிறார்கள் என்று கர்த்தர் அவரை எச்சரிக்கிறார். அந்த வீட்டிலிருந்து ஒருவன் வந்து என் நிலத்தை வாங்கிக்கொள் என்று சொல்கிறான். நம் ஊர்களில் பங்காளிச் சண்டை என்றால் என்னவென்று எல்லாருக்கும் தெரியும். வரப்புத் தகராறில் பேச்சு நின்றுபோய், ஒரே கோயிலில் ஆளுக்கொரு பக்கமாக உட்கார்ந்து, நற்கருணைக்கு மட்டும் ஒரே வரிசையில் நிற்கிற குடும்பங்கள் எத்தனை! எங்கள் குடும்பத்திலும் அப்படி ஒரு கிளை உண்டு. தாத்தா காலத்துப் பிரச்சனை, பனைவிளை ஒன்றைப் பற்றி. இன்றைக்கு அந்த விளையில் பாதி முள்ளாகிக் கிடக்கிறது, பேச்சு மட்டும் இல்லாமலே இருக்கிறது.

எரேமியா வாங்கினார். 17 சேக்கல் வெள்ளி, இன்றைய எடையில் ஏறக்குறைய 190 கிராம். அதைத் தராசில் நிறுத்துக் கொடுத்தார். பத்திரம் எழுதினார், முத்திரை போட்டார், சாட்சிக்காரர்கள் கையெழுத்துப் போட்டார்கள், முற்றத்தில் உட்கார்ந்திருந்த எல்லாருக்கும் முன்னால் நடந்தது. பத்திர ஆபீசில் நாள் முழுக்க நின்றவர்களுக்கு இந்தப் பகுதியைப் படிக்கும்போது சிரிப்பும் வரும், மரியாதையும் வரும். ஊர் எரியப்போகிறது என்று 40 வருஷமாக அவரே சொல்லிக்கொண்டு வந்திருக்கிறார், ஆனாலும் ஒரு சாட்சிக் கையெழுத்தைக்கூட அவர் விடவில்லை. முத்திரை போட்ட பத்திரம் ஒன்று, திறந்த பத்திரம் ஒன்று. இரண்டையும் தன் எழுத்தர் பாருக்கிடம் கொடுத்து, நெடுநாள் இருக்கும்படி மண்பானையில் வை என்றார்.

ஒரே பத்திரத்தை இரண்டு தரம் எழுதி, ஒன்றைச் சுருட்டி முத்திரை போட்டு, இன்னொன்றை யாரும் வாசிக்கும்படி திறந்துவைக்கிற பழக்கம் அந்தத் தேசத்தில் பல நூற்றாண்டுகள் இருந்தது. 1961-ல் சவக்கடல் பக்கத்துக் குகை ஒன்றில் பாபத்தா என்கிற பெண்ணுடைய பத்திரக்கட்டு கிடைத்தது. பேரீச்சந் தோப்பு, கல்யாண ஒப்பந்தம், மகனுக்கான ஜீவனாம்சம் என்று கி.பி. 2-ம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அவள் பாதுகாத்த பத்திரங்கள். அவற்றில் பல இந்த இரட்டைப் பத்திர முறையில் எழுதப்பட்டவை. மண்பானையும் சாதாரண விஷயம் இல்லை. 1947-ல் கும்ரான் குகைகளில் கண்டெடுத்த வேதச் சுருள்களில் சில ஏறக்குறைய 2,000 வருஷம் பானைக்குள்தான் கிடந்தன. எரேமியா பாருக்குக்குச் சொன்னது பத்திரத்தைப் பத்திரப்படுத்த அந்தக் காலத்தில் இருந்த நல்ல வழி.

எல்லாம் முடிந்து பாருக்கிடம் பத்திரத்தைக் கொடுத்த பிறகுதான் எரேமியா ஜெபம் பண்ணுகிறார். அந்த ஜெபத்தைப் பொறுமையாகப் படியுங்கள். வானத்தையும் பூமியையும் உண்டாக்கினவரே என்று ஆரம்பித்து, எகிப்திலிருந்து கூட்டிவந்த கதை முழுவதையும் சொல்லி, கடைசியில் நெஞ்சில் இருப்பதைச் சொல்லிவிடுகிறார்: மதில் பக்கத்தில் மண்மேடு போட்டுவிட்டார்கள், நகரம் அவர்கள் கைக்குப் போகிறது, நீரோ என்னை நிலம் வாங்கச் சொல்கிறீர். அவருக்கே புரியவில்லை. புரிந்த பிறகு கையெழுத்துப் போடவில்லை, கையெழுத்துப் போட்டுவிட்டுப் புரியவில்லை என்கிறார். விசுவாசம் என்றால் சந்தேகம் எல்லாம் தீர்ந்த மனசு என்று நினைத்துத் தங்களையே வாதித்துக்கொள்கிறவர்களுக்கு இந்த வரிசை பெரிய ஆறுதல். கர்த்தருடைய பதிலும் அவர்மேல் கோபமாக வரவில்லை. இந்தத் தேசத்தில் மறுபடியும் நிலம் வாங்குவார்கள் என்று சொல்கிறார்.

அந்த நிலத்தில் எரேமியா ஒரு நாள்கூட ஏர் பிடிக்கவில்லை. நகரம் விழுந்தது, ஆலயம் எரிந்தது. மிஞ்சினவர்கள் பயந்துபோய் அவருடைய பேச்சையும் மீறி எகிப்துக்கு ஓடும்போது அவரையும் கூடக் கொண்டுபோனார்கள். அவரைப் பற்றி வேதம் கடைசியாகச் சொல்வது எகிப்தில்தான். வாரிசு இல்லாத மனுஷன், கைக்கு வராத நிலம், பானைக்குள் பத்திரம்.

நம் பிள்ளைகளின் எதிர்காலம் என்று நாம் பேசும்போது உண்மையில் எதைப் பேசுகிறோம்? எல்ஐசி பாலிசி, பிளாட், நீட் கோச்சிங், ஆஸ்திரேலியாவில் பிஆர். இவை எதுவும் தப்பில்லை. நானும் மாதாமாதம் கட்டுகிறேன். ஆனால் இதெல்லாம் நம் கண்ணுக்கு முன்னால் பலன் தர வேண்டும் என்று நாம் எதிர்பார்க்கிற காரியங்கள். பிள்ளை படிப்பு முடித்து, வேலையில் சேர்ந்து, கல்யாணமாகி, வீட்டுக்கு முன்னால் கார் நிற்பதை நாம் பார்த்துவிட வேண்டும். அது நடக்காவிட்டால் கர்த்தர் கைவிட்டுவிட்டார் என்கிறோம். எரேமியா செய்தது வேறு ரகம். நாம் பார்க்க மாட்டோம் என்று தெரிந்தே செய்கிற காரியம் நம்மில் எத்தனை பேரிடம் இருக்கிறது?

எங்கள் முன்னோரிடம் இருந்தது. திருநெல்வேலிப் பக்கத்தவர்கள் இடையன்குடி திரித்துவ ஆலயத்துக்கு ஒரு தரம் போய் உட்கார்ந்து பார்க்க வேண்டும். 1841-ன் கடைசியில் அங்கே வந்த மிஷனரி கால்டுவெல், 1847-ல் அதற்கு அடிக்கல் போட்டார். பிரதிஷ்டை நடந்தது 1880-ல். நடுவில் 33 வருஷம். 1856-ல் அவருடைய திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணம் வெளிவந்துவிட்டது. தாது வருஷப் பஞ்சம் வந்து ஜனங்களை வாட்டியது. 1877-ல் அவர் பிஷப்பும் ஆகிவிட்டார். ஆலய வேலை மட்டும் நடந்துகொண்டே இருந்தது. அடிக்கல் போட்ட வாரத்தில் ஞானஸ்நானம் பெற்ற குழந்தை, பிரதிஷ்டை ஆராதனைக்குத் தன் பிள்ளைகளைக் கையில் பிடித்துக்கொண்டு வந்திருக்கும். அவருடைய மனைவி எலைசா நாகர்கோவில் மிஷனரி மால்ட்டின் மகள். அந்த ஊர்ப் பெண்பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் நடத்தினார். அந்தப் பிள்ளைகளின் பேத்திகளும் கொள்ளுப்பேத்திகளும் டீச்சர்களாகவும் நர்சுகளாகவும் எங்கெல்லாமோ போனார்கள். 1891-ல் கொடைக்கானலில் இறந்த கால்டுவெல்லை இடையன்குடிக்கே கொண்டுவந்து அந்த ஆலயத்துக்குள் அடக்கம் பண்ணினார்கள்.

பெரிய பெயர்களைச் சொல்லிவிட்டு பிடி அரிசியைச் சொல்லாமல் விடக் கூடாது. உலை வைக்கும்போது வீட்டு அரிசியில் ஒரு கைப்பிடியை எடுத்துத் தனிப் பானையில் போட்டு, சேர்ந்ததைக் கோயிலில் கொடுப்பார்கள். அரைவயிற்றுக் கஞ்சி குடித்த வீடுகளிலும் இந்தப் பழக்கம் இருந்தது. 1903-ல் பாளையங்கோட்டையில் இந்திய மிஷனரி சங்கம் தொடங்கியபோது, தங்கள் மொழிகூடப் பேசாத தெலுங்கு தேசத்து ஜனங்களுக்கு இங்கிருந்து ஊழியக்காரர்களை அனுப்பினார்கள். வெள்ளாளன்விளையில் பிறந்த அசரியா அந்த வேலையில் தோர்ணக்கல்லுக்குப் போய் 1912-ல் பிஷப் ஆனார். ஆங்கிலிக்கன் சபையில் முதல் இந்திய பிஷப் அவர். பிடி அரிசி போட்ட அம்மாக்களில் ஒருத்தி தோர்ணக்கல்லைப் பார்த்திருப்பாளா? வரைபடத்தில்கூடப் பார்த்திருக்க மாட்டாள்.

சரி, ஆனதோத்து என்ன ஆயிற்று? எஸ்றா 2-ம் அதிகாரம் பெயர்ப் பட்டியல். குடும்ப ஜெபத்தில் அது வந்தால் யாரும் விரும்பி வாசிக்க மாட்டார்கள். பாரோஷின் புத்திரர் இத்தனை பேர், செபத்தியாவின் புத்திரர் இத்தனை பேர் என்று வெறும் பெயரும் எண்ணுமாகப் போகும். பெர்சிய ராஜா கோரேஸ் கி.மு. 538-ல் கட்டளை கொடுத்த பிறகு பாபிலோனிலிருந்து திரும்பினவர்களின் கணக்கு அது. போன வருஷம் எங்கள் வீட்டில் அது என் மகள் முறைக்கு வந்தது. பெயர்களில் தட்டித் தடுமாறி வாசித்துக்கொண்டே போனாள். 23-ம் வசனம்: ஆனதோத்து மனுஷர் 128 பேர்.

அதற்குச் சில மாதம் முன்னால்தான் எரேமியாவை வாசித்து முடித்திருந்தோம். அவள் நிறுத்திவிட்டாள். "ஆச்சி, இது அந்த நிலம் வாங்கின ஊர்தானே?" என்று என் அம்மாவைக் கேட்டாள். அம்மா கண்ணாடியைக் கழற்றிவிட்டு, "ஆமா மக்கா, அதே ஊருதான்" என்றாள்.

எரேமியாவைக் கொல்லத் தேடிய ஊர். அங்கிருந்து போனவர்களின் பிள்ளைகளும் பேரன்களும் 128 பேர் திரும்பியிருக்கிறார்கள். வெறும் எண் என்று நாம் தாண்டிப்போகிற இடத்தில் ஒரு வாக்குத்தத்தம் நிறைவேறிக்கொண்டிருக்கிறது. யாரும் அங்கே எரேமியாவின் பெயரைச் சொல்லவில்லை. பானையை யாராவது தேடினார்களா, அந்த 128 பேரில் அனாமெயேல் வீட்டார் இருந்தார்களா என்றெல்லாம் என் மகள் அன்றைக்குத் தூங்கும்வரை கேட்டுக்கொண்டிருந்தாள். வேதம் சொல்லவில்லை என்று சொன்னேன்.

அடுத்த அதிகாரத்தில் அவர்கள் ஆலயத்துக்கு அஸ்திவாரம் போடுகிறார்கள். ஆசாரியர் எக்காளம் ஊத, ஜனங்கள் ஆர்ப்பரிக்கிறார்கள். அந்தக் கூட்டத்தில்தான் நான் முதலில் சொன்ன விதிவிலக்குகள் நிற்கிறார்கள், பழைய ஆலயத்தைக் கண்ணால் கண்ட கிழவர்கள். அவர்கள் சத்தமிட்டு அழுகிறார்கள். பாபிலோனில் பிறந்த இளசுகளுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. எது அழுகை, எது ஆர்ப்பரிப்பு என்று பிரித்தறிய முடியவில்லை, சத்தம் வெகுதூரம் கேட்டது என்று எஸ்றா எழுதுகிறார். அந்த அழுகையை யாரும் அடக்கச் சொல்லவில்லை என்பது எனக்கு முக்கியமாகப் படுகிறது. இழந்ததை நினைத்து அழுகிறவர்களும் வரப்போவதை நினைத்துக் கத்துகிறவர்களும் ஒரே அஸ்திவாரத்தைச் சுற்றி நிற்கலாம். ஒரே வீட்டிலும் இருக்கலாம். கி.மு. 516 வாக்கில் ஆலயம் கட்டி முடிந்தது. முந்தின ஆலயம் எரிந்ததிலிருந்து ஏறக்குறைய 70 வருஷம்.

நாம் கிறிஸ்தவர்கள் இன்னும் ஒரு படி மேலே போய் நம்புகிறோம். ஆனதோத்துக்குத் திரும்பின 128 பேரும் பிறகு இறந்துதான் போனார்கள். அந்த நிலமும் பிறகு பல கை மாறியது. உயிர்த்தெழுதல் இல்லையென்றால் எரேமியாவின் பத்திரம் கடைசியில் ஒரு நல்ல முதலீட்டுக் கதை மட்டும்தான். கல்லறை திறந்தது என்று நம்புவதால்தான், பலனைப் பார்க்காமல் போனவர்கள் பார்க்காமலே போனவர்களாக இருந்துவிட மாட்டார்கள் என்று எங்கள் அத்தையைப் பற்றி என்னால் சொல்ல முடிகிறது. அவள் ஃபீஸ் கட்டின பிள்ளைகளின் பிள்ளைகள் இன்றைக்கு எங்கெங்கோ இருக்கிறார்கள். அவர்களை அவள் பார்ப்பாள் என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை.

இந்தக் கிறிஸ்துமஸ் லீவுக்கு எங்கள் வீட்டில் ஒரு வேலை வைத்திருக்கிறோம். குடும்ப வேதாகமத்தின் முன்பக்கத்தில் அத்தைக்குப் பிறகு யாரும் ஒழுங்காக எழுதவில்லை. பழைய ஆட்களிலும் ஏறாத பெயர்கள் நிறைய இருக்கின்றன. சின்ன வயதிலேயே இறந்த பிள்ளைகள், இலங்கைக்குப் பிழைக்கப் போய்த் திரும்பாதவர்கள், கோபித்துக்கொண்டு ஊரை விட்டுப் போனவர்கள் எல்லாம் அம்மாவின் ஞாபகத்தில்தான் இருக்கிறார்கள். அவளுக்கும் வயதாகிறது. அவள் சொல்லச் சொல்ல என் மகள் எழுதப் போகிறாள். ஒரு தடவை சாதா நோட்டில், சரிபார்த்த பிறகு வேதாகமத்தில். பனைவிளைச் சண்டையில் பிரிந்துபோன வீட்டையும் விடக் கூடாது என்று அம்மா இப்போதே சொல்லிவிட்டாள். அவர்கள் வீட்டுப் பிள்ளைகளின் பிறந்த தேதி எங்களிடம் இல்லை. யாராவது ஃபோன் பண்ணிக் கேட்க வேண்டும். நான் கேட்கிறேன் என்று சொல்லியிருக்கிறேன், நம்பர் கூட வாங்கிவிட்டேன். வருகிற ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் பேசுவேன்.